பழைய காட்டுப்பயணிகளின் கத்தி, கோடரி: பயன்படுத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காட்டுப்பயணம் பற்றி எழுதிய பழைய அமெரிக்கர்களான நெஸ்மக், கெபார்ட் ஆகியோர் காலத்து வடிவங்களில் கையால் அடித்த கத்தியோ கோடரியோ வைத்திருப்பவர்கள் இங்கே எழுதுங்கள். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதைப் பற்றியல்ல, காட்டில் வைத்து வேலை வாங்கியதைப் பற்றி. முதலில் நான் தொடங்குகிறேன்.

நெஸ்மக் என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் (1821–1890) அமெரிக்காவின் பென்சில்வேனியாக்காரர். குள்ளமான, மெலிந்த மனிதர்; உடல்நலமும் சரியில்லை. 1883-இல் அடிரோண்டாக் ஏரிகளைச் சுற்றிவர அவர் செய்வித்துக்கொண்ட படகு வெறும் பத்தரை பவுண்டு, அதாவது ஐந்து கிலோகூட இல்லை. எடையில் அவ்வளவு கறாராக இருந்தவர், வெட்டுவதற்கு மட்டும் மூன்று கருவிகளைச் சுமந்தார்: இருபக்கமும் வெட்டுவாய் உள்ள சின்னக் கைக்கோடரி, மெல்லிய அலகுள்ள கத்தி, இரண்டு அலகுள்ள மடக்குக் கத்தி. ஏன் மூன்று? ஒரு நல்ல கனமான கத்தி போதாதா? இந்தக் கேள்வி எனக்கு வெகுநாளாக இருந்தது.

பழைய முறையில் முகாமிடும் நண்பர்களோடு தங்கியபோது, அவர்களில் கொல்லு வேலை தெரிந்த ஒருவர் தானே அடித்த நெஸ்மக் வடிவக் கத்தியையும் கோடரியையும் என்னிடம் கொடுத்து, மாலை வேலையெல்லாம் இவற்றிலேயே செய் என்றார். முதலில் கத்தியைப் பார்த்துச் சப்பென்று ஆகிவிட்டது. அவ்வளவு மெல்லிசு. முதுகே இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். முனைக்குச் சற்று முன்னால் முதுகு திமில்போல் உயர்ந்து இறங்குகிறது.

மழையில் நனைந்த கட்டை ஒன்றைக் கோடரியால் பிளந்து, உள்ளே காய்ந்திருந்த பாகத்தைத் தீ மூட்டுவதற்காகக் கத்தியால் சீவினேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. சுருள் சுருளாகச் சிராய் எழும்புகிறது, நுனியில் ஒட்டிக்கொண்டே நிற்கிறது, கைக்கு அழுத்தமே தெரியவில்லை. தடித்த அலகில் இதையே செய்தால் பாதிச் சிராய் உடைந்து கீழே விழும். கத்தி அவ்வளவு மெல்லியதாக இருக்க முடிவதே கோடரி பக்கத்தில் இருப்பதால்தான். பிளக்கிற வேலையை யாரும் அந்தக் கத்தியிடம் கேட்கப் போவதில்லை. இன்று கத்தி முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கிறோம். அதைத் தாங்க அலகு தடிக்கிறது; தடித்ததும் சீவவும் அறுக்கவும் லாயக்கில்லாமல் போகிறது. நெஸ்மக்கும் தன் காலத்துக் கடைகளில் விற்ற தடித்த வேட்டைக் கத்திகளை ஏற்கவே இல்லை. பார்க்கப் பயங்கரம், பயன் குறைவு என்பது அவர் எண்ணம்.

கோடரியைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் மனதுக்குப் பிடித்த கோடரியைச் செய்துகொடுத்தவர் ராச்செஸ்டரில் அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்த ஒருவர். ஒரு வாய் மெல்லிசு, சுத்தமான மரத்துக்கு. இன்னொன்று சற்றுத் தடிப்பு, கணுவுக்கும் எலும்புக்கும். நண்பரின் கோடரியும் அப்படித்தான். தரையோடு கிடந்த கணுக்கட்டையைத் தடித்த வாயால் வெட்டிவிட்டுக் கோடரியைத் திருப்பினால், கூர் குலையாத மறுபக்கம் தயாராக நிற்கிறது. ஒன்று மட்டும் கவனம்: ஓங்கும்போது பின்வாய் உங்கள் பக்கம் இருக்கும். ஓங்கும் வீச்சுக்குள் யாரும் நிற்கக்கூடாது, வேலை முடிந்ததும் இரண்டு வாய்க்கும் உறை போட்டுவிட வேண்டும்.

பதில்

நான் கெபார்ட் பக்கம். ஹோரஸ் கெபார்ட் செயின்ட் லூயிஸில் நூலகராக இருந்து, 1904-இல் வட கரோலினாவின் ஸ்மோக்கி மலைக்குப் போனவர். அந்த மலைத்தொடர் பின்னாளில் தேசியப் பூங்காவாக ஆனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. என்னிடம் இருப்பது அவர் கத்தியின் வடிவத்தில் அடித்தது: நாலரை அங்குல அலகு, நேர் முதுகு, விரல்பள்ளம் எதுவும் இல்லாத உருண்டு தட்டையான மரப்பிடி. பிடியில் பள்ளம் இல்லையே என்று வாங்கும்போது தயங்கினேன். இப்போது அதுதான் எனக்குப் பிடித்தது. விரல்பள்ளம் இருந்தால் கை ஒரே இடத்தில்தான் உட்காரும். இதில் கத்தியைத் திருப்பி, நெஞ்சுப்பக்கம் இழுத்துச் சீவினாலும், குறுக்கே பிடித்துக் குடைந்தாலும் உறுத்தல் இல்லை. நாள் முழுக்கக் கரண்டி செதுக்கினால் வித்தியாசம் தெரியும்.

கார்பன் எஃகு என்பதால் ஈரம் ஆகாது. புளிப்பான பழம் நறுக்கினால் அலகு நீலம் கலந்த சாம்பல் நிறமாக மாறும். அதைத் தேய்த்து எடுக்காதீர்கள், அந்தப் படலம் துருவைக் கொஞ்சம் தடுக்கும். செந்துரு மட்டும் உடனே போக வேண்டும். அப்புறம், தோலுறைக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம், தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்.

பதில்

என்னுடையது இன்னும் பழைய வகை. ஐரோப்பிய வணிகர்கள் வட அமெரிக்கப் பழங்குடிகளுக்கு, விலங்குத் தோலுக்கு மாற்றாகக் கொடுத்த கோடரியின் மாதிரி. இரும்புப் பட்டையை மடித்துக் காம்புத் துளையை உண்டாக்கி, மடிப்பின் வாய்க்கு நடுவே ஒரு துண்டு எஃகை வைத்து உலையில் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தது. எஃகு விலை உயர்ந்த காலம். வெட்டுகிற இடத்துக்கு மட்டும் வைத்தார்கள். வினிகர் தொட்டுத் துடைத்தால் எஃகு கறுத்து, இரும்பு வெளுத்து, நடுவே கோடு போட்டதுபோல் இரண்டும் ஒட்டிய இடம் தெரியும். அந்தக் கோட்டைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

காம்பு போடுவதுதான் இதன் சிறப்பு. துளை மேலே அகலம், கீழே குறுகல். காம்பை மேலிருந்து நுழைத்து இழுத்தால் தானே இறுகும், ஆப்பு வேண்டாம். வீச வீசத் தலை இன்னும் இறுகுகிறது. பயணத்தில் ஒருமுறை காம்பு கணு ஓரமாக விரிந்துவிட்டது. தலையைத் தட்டிக் கழற்றி, அதையே கையில் பிடித்து, நேரான ஒரு காய்ந்த கிளையைச் செதுக்கி இருட்டுவதற்குள் மாட்டிவிட்டேன். ஆப்பு அடித்த கோடரியாக இருந்தால் உள்ளே சிக்கிய மரத்தைக் குடைந்து எடுக்கவே பொழுது போயிருக்கும். காம்பு செதுக்கும்போது மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்; குறுக்கே ஓடினால் ஓங்கி வெட்டும்போது முறிந்துவிடும்.

முதல் பதிவு எழுதியவருக்கு ஒரு கேள்வி: அந்த இருவாய்க் கோடரியின் காம்பு நேரானதா, வளைந்ததா?

பதில்

நேரானதுதான். இரண்டு பக்கமும் திருப்பிப் பிடிக்க வேண்டியிருப்பதால் வளைவு வைத்தால் ஒரு வாய்க்குத்தான் பொருந்தும்.