வைனில் முப்பரிமாண வரைவு மென்பொருள்: எந்த கிராஃபிக்ஸ் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. கட்டட வரைபடம் போடும் என் தங்கைக்கு மடிக்கணினி வாங்க வேண்டும். டெபியன் லினக்ஸ்தான் நிறுவப்போகிறோம், அதில் இருவருக்கும் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவளுடைய வரைவு மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது, டைரக்ட்3டி 11 (விண்டோஸின் முப்பரிமாண கிராஃபிக்ஸ் இடைமுகம்) கேட்கிறது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனுடன் டிஎக்ஸ்விகே என்ற மாற்றியைச் சேர்த்தால் அந்த டைரக்ட்3டி அழைப்புகள், லினக்ஸில் இயங்கும் வல்கன் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகத்துக்கு மாறிவிடும். டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம் என்பதால் பழைய சிப்கள் கழிந்துவிட்டன.

ஏஎம்டி சிப்களுக்கு மேசா என்ற திறந்த மூல டிரைவர் டெபியனுடன் கூடவே வருகிறது. என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. என்விடியா என்றால் தனி டிரைவர், போதாததற்கு உள்ளமை சிப், தனி சிப் என இரட்டை கிராஃபிக்ஸ்.

ஏஎம்டியின் ரேடியான் 780எம் போன்ற உள்ளமை சிப், 16 ஜிபி நினைவகம் போதுமா? அந்த நினைவகத்தைத்தானே சிப்பும் பங்கிட்டுக்கொள்ளும்! பெரிய மாதிரியைச் சுழற்றும்போது திக்குகிறதா? பயன்படுத்துகிறவர்கள் மேசா பதிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.