மேப்பிள் சிரப் காய்ச்சுவதை அப்பாவுக்குக் காட்ட வேண்டும்: எங்கே, எப்போது?

வடலி (ஸ்காபரோ):
வணக்கம். அம்மாவும் அப்பாவும் அடுத்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார்கள். மேப்பிள் சிரப் காய்ச்சுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்குப் பெரிய ஆசை. மே முதல் வாரம் என்றால் குளிர் குறைந்திருக்கும், அப்போது கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். ரொறன்ரோவிலிருந்து காரில் போய் வரக்கூடிய இடம் ஏதாவது சொல்லுங்கள்.

இன்னொரு சந்தேகம். வீட்டில் இருக்கும் போத்தலில் பெரிய மேப்பிள் இலைப் படம் இருக்கிறது, ஆனால் வெறும் சீனிப்பாணி போல இனிக்கிறது. அசல் இதுதானா?

பனிக்காட்டான்:
டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் மே வேண்டாம். இரவில் உறைந்து பகலில் பூச்சியத்துக்கு மேல் போகும் நாட்களில்தான் மரத்திலிருந்து சாறு இறங்கும். தெற்கு ஒன்ராறியோவில் அது பெரும்பாலும் பெப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முற்பகுதியோடு முடிந்துவிடும். மொட்டு விரிந்தால் சாற்றின் சுவையே கெட்டுப்போகும், அதற்குப் பிறகு யாரும் காய்ச்ச மாட்டார்கள். மேயில் போனால் பூட்டிய கொட்டிலைத்தான் பார்ப்பீர்கள்.

வான் (Vaughan) நகரில் உள்ள கோர்ட்ரைட், ஸ்டூவில் பக்கம் புரூசஸ் மில், ஓக்வில்லில் புரொன்டே கிரீக் பூங்கா, மூன்றுமே உங்களுக்குக் கிட்ட. மார்ச் பாடசாலை விடுமுறை வாரத்தில் மட்டும் போகாதீர்கள், கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. ஏப்ரல் தொடக்கத்தில் என்றால் எல்மைரா ஊரில் மேப்பிள் சிரப் திருவிழா இருக்கிறது, 1965இலிருந்து நடக்கிறது. கூட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் அது நல்லது, ஆறுதலாக நின்று பார்க்க மற்ற மூன்றும்.

மொன்றியல் அக்கா:
தம்பி, சிரப் பார்க்க வேண்டும் என்றால் கியூபெக்குக்கு வர வேண்டும்! உலகத்து மேப்பிள் சிரப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் இங்கேதான் வருகிறது. போஸ் பகுதியிலும் பிளெசிவில் பக்கத்திலும் சாறு இறக்க மரத்துக்கு மரம் நீலக் குழாய் ஓடுவதைப் பார்க்கலாம். வாளி தொங்கவிடுவது இப்போது அதிகமும் வருகிறவர்களுக்குக் காட்டத்தான். அமெரிக்காவில் வெர்மான்ட்தான் முதலிடம், ஆனால் அம்மா அப்பாவுக்குத் தனி விசா எடுக்க வேண்டும், அதை விடுங்கள்.

ஒரு முக்கியமான விசயம், அவர்கள் சைவமா? சுகர் ஷாக், அதுதான் சிரப் காய்ச்சும் கொட்டில், அங்கே சாப்பாடு என்றால் பன்றி இறைச்சிதான். பட்டாணி சூப்பிலும் அவித்த பீன்ஸிலும்கூட அது கிடக்கும். முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். பனியின் மேல் சூடான பாணியை ஊற்றிக் குச்சியில் சுருட்டித் தருவார்களே, அதைச் சைவக்காரர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்.

வடலி:
நல்ல காலம் அக்கா, டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. சைவம்தான். போத்தல் விசயம்?

பனிக்காட்டான்:
படத்தைப் பார்க்காதீர்கள், உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். அசலில் மேப்பிள் சிரப் என்ற ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கோர்ன் சிரப் (சோளப் பாணி), நிறமூட்டி என்று நீண்டால் அது பான்கேக் சிரப், அசல் இல்லை. ‘கனடா கிரேட் ஏ’ என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் கோல்டன், அம்பர், டார்க், வெரி டார்க் என்று நான்கு நிறம் உண்டு, எல்லாமே ஒரே தரம். பருவத் தொடக்கத்தில் வெளிறியதாக வரும், போகப் போகக் கறுக்கும், சுவையும் ஏறும். எனக்கு டார்க்தான் பிடிக்கும், கோல்டனில் சும்மா இனிப்புத்தான்.

விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். சாற்றில் சீனி ஏறக்குறைய 2 சதவீதம்தான், ஒரு லீற்றர் சிரப்புக்குச் சுமார் 40 லீற்றர் காய்ச்ச வேண்டும். கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி வார்ப்பதைப் பார்த்த அப்பாவுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

மொன்றியல் அக்கா:
கியூபெக் சூப்பர் மார்க்கெட்டில் 540 மில்லிலீற்றர் ரின் கிடைக்கும், அழகான கண்ணாடிப் போத்தலைவிட மலிவு. ஊருக்குக் கொண்டுபோகவும் அதுதான் வசதி, உடையாது. கைப்பையில் வைக்காதீர்கள், திரவம் என்று பிடுங்கிவிடுவார்கள். திறக்கும் வரை வெளியே இருக்கலாம், திறந்த பிறகு போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குள். வெளியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

வடலி:
மார்ச் கடைசி வாரத்துக்கு டிக்கெட் பார்க்கிறேன். முதலில் கோர்ட்ரைட், கால நிலை பார்த்து ஏப்ரலில் எல்மைரா.

பனிக்காட்டான்:
சரி. கிளம்புகிற அன்று காலையில் ஒரு போன் போட்டுவிடுங்கள். இரவில் உறையாமல் நாலைந்து நாள் சூடு அடித்தால் சாறு நின்றுவிடும், அடுப்பு எரிகிறதா என்று அவர்களே சொல்வார்கள். சப்பாத்தும் நல்லதாகப் போடச் சொல்லுங்கள், காடு முழுக்கச் சேறாக இருக்கும்.