ஜென்னுக்கு எஸ்டீம் பிரேக் பொருந்துமா?

வண்டி 1999 மாருதி ஜென், பெட்ரோல், 13 அங்குல வீல். ஊர் சத்தியமங்கலம். ஊருக்குள் ஒரு குறையும் இல்லைங்க. ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினால்தான் வம்பு. பண்ணாரி வருவதற்குள் கருகின வாடை. பெடல் கெட்டியாகத்தான் இருக்கிறது, பிடிப்பு இல்லை. மழைக்காலம் முடிந்ததிலிருந்து இப்படி.

இரண்டாம் கியரில்தான் இறங்குகிறேன். பிரேக் பேட் புதுசு, டாட் 4 பிரேக் ஆயில் மாற்றியாச்சு, பின் டிரம் ஷூவும் சரிபார்த்தாச்சு. கேலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்) ஜாம் இல்லை.

கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடையில் மாருதி எஸ்டீம் காரின் டிஸ்க், நடுவில் காற்று போகிற இடைவெளி உள்ளது, கேலிப்பரோடு கிடைக்கிறது. அப்படியே உட்காரும் என்கிறார் கடைக்காரர் (விற்கிறவர் வேறென்ன சொல்வார்). மெக்கானிக் தலையாட்டவில்லை.

மாட்டி ஓட்டுறவங்க சொல்லுங்க: ஜென் நக்கிளிலேயே (வீல் ஹப்பையும் கேலிப்பரையும் தாங்குகிற பாகம்) எஸ்டீம் கேலிப்பர் உட்காருமா, இல்லை நக்கிளையும் சேர்த்தே வாங்கணுமா?