கிணறு உள்ளவர்களுக்கான புத்தகம்

கோபிசெட்டிபாளையத்தில் நாங்கள் கூடும் வாசகர் வட்டத்தில் நான் கேட்ட மதிப்புரைகளுள் இன்றளவும் மனத்தில் நிற்பது, மஞ்சள் சாகுபடி பற்றிய கையேடு ஒன்றைக் குறித்து வயதான விவசாயி ஒருவர் பேசியதுதான். ஆசிரியரின் பெருமைகளையும் அத்தியாயத் தலைப்புகளையும் அவர் தொடவே இல்லை. நட்ட விதைக்கிழங்குக்கு வாரந்தோறும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று நூல் சொல்லும் பக்கத்தை வாசித்துக் காட்டிவிட்டு, "புத்தகம் நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா இது கெணறு இருக்கறவங்களுக்குங்க" என்றார்.

அதற்கான காரணத்தையும் விளக்கினார். மஞ்சள், வைகாசி வாக்கில் நட்டுத் தை, மாசியில் வெட்டும் பயிர். எங்கள் பகுதிக்குப் பாசனம் தரும் கீழ்பவானி வாய்க்காலிலோ நன்செய்ப் பாசனத்துக்கு வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில்தான் தண்ணீர் திறப்பார்கள். அதுவும் ஆயக்கட்டில், அதாவது வாய்க்கால் பாயும் நிலப்பரப்பில், ஒரு பாதிக்குத்தான்; மறுபாதி தை வரை காத்திருக்க வேண்டும். ஆகவே வாய்க்காலை மட்டும் நம்பியிருப்பவர் நூலில் உள்ளபடியே நட்டால், முளைவிடும் பருவத்திலேயே பயிர் காய்ந்துவிடும். நூலில் எங்கும் இல்லாத இந்தச் செய்திதான் அதை வாங்க நினைப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது. கிழங்கழுகல் நோய் பற்றிய பகுதி ஒன்றுக்காகவே விலை கொடுத்து வாங்கலாம் என்றும் அவர் சொன்னார். குறையைச் சொன்ன அதே வாயால் சொன்னதால் அந்தப் பாராட்டை எல்லோரும் நம்பினோம்.

நூல் யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்று மதிப்புரை சொல்ல வேண்டும்; கதை நூல்களுக்கும் இது பொருந்தும் என்றே கருதுகிறேன். 1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலைப் பற்றி வேறொரு கூட்டத்தில் ஓர் ஆசிரியை பேசினார். பெரும்பாலான மதிப்புரைகள் கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, 'அனைவரும் படிக்க வேண்டிய நூல்' என்று முடித்துவிடுகின்றன. இதைவிடப் பயனற்ற வாக்கியம் மதிப்புரையில் இருக்க முடியாது. அந்த ஆசிரியையோ, கைம்பெண் ஒருத்தி சொத்தில் தன் பங்கைக் கேட்பதிலிருந்து எழும் கதை என்பதோடு நிறுத்திக்கொண்டு, கொங்கு வட்டார வழக்கில் உரையாடல் வரும் ஓர் அரைப் பக்கத்தை நிதானமாக வாசித்தார். தஞ்சைப் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கு வந்த பெண் ஒருவர், மாமியார் வீட்டுப் பேச்சு அப்படியே இருக்கிறது என்று சொல்லி அன்றே நூலை எடுத்துச் சென்றார். வேகமாக நகரும் கதைகளை விரும்பும் என் நண்பரோ, தமக்கு இது ஒத்துவராது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டார்.