புதுப்பிப்பு: ஸ்லைடைப் பார்த்து ஒப்பிக்கற பசங்க மேட்டர்
இங்கிலீஷ் கிளாஸ்ல கவிதையப் பத்திப் பேசச் சொன்னா ஸ்லைட அப்படியே வாசிக்கறாங்கன்னு போன வாரம் புலம்பினேன்ல. நீங்க சொன்ன மாதிரி ஸ்லைடையே தூக்கிட்டேன், ஒரு சின்ன கார்டு, மூணு நிமிஷம், ரெண்டே வரி எடுத்து அதுல எந்த வார்த்தை என்ன வேலை பண்ணுதுன்னு மட்டும் சொல்லணும். 1915ல வந்த, அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டோட ரெண்டு பாதை கவிதைதான் (The Road Not Taken, காட்டுல பிரியற ரெண்டு பாதைல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கற ஆளப் பத்தினது) குடுத்தேன். வாயே திறக்காத பொண்ணு ஒருத்தி எந்திரிச்சு, "மிஸ், ரெண்டு பாதையும் ஒரே மாதிரிதான் தேஞ்சிருக்குன்னு நடுவுல சொல்றாரு, கடைசில மட்டும் ஆள் அதிகம் போகாத பாதைங்கறாரு, அப்ப தன்னையே ஏமாத்திக்கறாரா?"ன்னா. கிளாஸே கப்சிப், அப்புறம் பெல் அடிக்கற வரைக்கும் சண்டை!

மார்க்குதான் இன்னும் குழப்பம், குரல் நடுங்கினதுக்காக குறைக்க மனசு வரல, அதனால அலசலுக்கு தனி, பேச்சுக்கு தனின்னு பிரிச்சுட்டேன். ரெண்டு பேர் கார்டுலயே பொடி எழுத்துல முழு கட்டுரையும் எழுதிட்டு வந்தது வேற கதை.