அரசர் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் ஊர் சனம் என்ன எதிர்பார்க்கும்?

கொட்டகலை டீச்சர்:
வணக்கம். பத்தாம் வகுப்புக்கு சியாம் (இன்றைய தாய்லாந்து) அரசர் சுலலாங்கோர்ன் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், 1897இல் கண்டிக்கு வந்து தலதா மாளிகையில் புத்தரின் புனித தந்தத்தை (பல்லை) கையில் எடுக்கக் கேட்டு, விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களே, அவர்தான். 1884இல் பாங்கொக்கில் சுவான்குலாப் பள்ளிக்குப் பரிசு கொடுக்கப் போனவர், என் பிள்ளைகள் முதல் கடைசிக் குடிமகன் வரை எல்லாரும் ஒரேமாதிரி படிக்க வழி இருக்கும் என்ற கருத்தில் பேசினார். இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை எழும்பி, "ராஜா வந்ததால சனத்துக்கு என்ன கெடச்சிச்சி டீச்சர்?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். யாராவது விளக்குங்களேன்.

பழைய வரலாறு:
டீச்சர், சனம் எதையும் கேட்பதற்கு முன்னால் பயந்தது. அந்தப் பயத்தில் இருந்து தொடங்குங்கள். சியாமில் சாதாரண ஆண்கள் ஒரு எஜமானுக்குக் கீழே பதியப்பட்டவர்கள், மணிக்கட்டில் பச்சை குத்தி அடையாளம் வைப்பார்கள், வருடத்தில் சில மாதம் கூலியில்லாமல் அரசாங்க வேலை செய்ய வேண்டும். பட்டியலில் பேர் ஏறினால் ஆள் போய்விட்டான் என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில் அரசாங்கம் பள்ளிக்கூடம் திறந்து பிள்ளையின் பேரை எழுதினால் தாய் தகப்பன் என்ன நினைப்பார்கள்? பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று கதை பரவி, அப்படி இல்லை என்று 1885இல் அரசரே அறிவிப்புப் போட வேண்டியதாயிற்று. சாதாரண சனத்துக்கான முதல் பள்ளியை மகன்னப்பாராம் என்ற விகாரைக்குள் வைத்ததும் நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் பையன்களைப் பிக்குகளிடம் எழுத்துப் படிக்க விடுவது அங்கே பழைய வழக்கம். அப்புறம்தான் ஆசை. புதுசாக வந்த அரசாங்கத் திணைக்களங்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது, மகன் எழுதுவினைஞன் ஆகலாம்.

லயத்துப் பேரன்:
பேர் பதிகிற பயம் என்றதும் எனக்கு எங்கள் அம்மாயி ஞாபகம் வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் பிள்ளையின் பேர் இரண்டு இடத்தில் ஏறலாம், ஒன்று பள்ளி இடாப்பு, மற்றது செக்ரோல் என்ற தோட்டத்து வேலையாட்கள் பட்டியல். செக்ரோலில் ஏறினால் சம்பளம், பள்ளிக்குப் போனால் அந்தக் காசு இல்லை. 1907 சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்தை நடத்திய துரைமார் தலையில் வைத்தது, ஆனால் அம்மாயி காலத்திலும் எங்கள் தோட்டத்துப் பள்ளி ஒரே மண்டபம், ஒரே வாத்தியார். அவர் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கே வந்து பிள்ளையை அனுப்புங்கள் என்று கேட்பாராம். அம்மாயியை மூன்றாம் வகுப்போடு நிறுத்தி மலைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லி அழுவார்.

1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி கண்டிக்கு வந்தார், பேராதனைப் பல்கலைக்கழகத்தை இளவரசர் பிலிப் திறந்து வைத்தார். அன்றைக்கு நம்ம தோட்டத்துத் தமிழ்ச் சனத்தில் மிகப் பெரும்பாலானவர்களுக்குக் குடியுரிமையே கிடையாது, 1948 குடியுரிமைச் சட்டம் அப்படி ஆக்கி வைத்திருந்தது. மகாராணியைப் பார்க்க அம்மாயியும் கண்டிக்குப் போனார். என்ன கேட்டிருப்பீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "இன்னொரு வாத்தியாரத்தான்" என்றார்.

கொட்டகலை டீச்சர்:
தம்பி, அம்மாயி சொன்னதை நாளைக்கு வகுப்பில் சொல்லலாமா? கேள்வி கேட்ட பிள்ளையின் அம்மாவும் கொழுந்து எடுக்கிறவர்தான்.

லயத்துப் பேரன்:
தாராளமாகச் சொல்லுங்க டீச்சர். மூன்றாம் வகுப்போடு நின்றதையும் சேர்த்துச் சொல்லுங்க.