'சூப்பர்' தவிர வேறென்ன சொல்வது?

கேள்வி: புகைப்பட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 50 எம்எம் லென்ஸில் எடுத்த குழந்தை படத்தைப் போட்டு, குறை சொல்லச் சொல்கிறார். மூக்கு ஷார்ப், கண் மங்கல். மனம் நோகாமல் எப்படிச் சொல்றது?

பதில் 1: "ஃபோகஸ் சரியில்லை"ன்னு மட்டும் எழுதினா அவருக்கு ஒண்ணும் புரியாது. காரணத்தைச் சொல்லுங்க. ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவில் எஃப்/1.8 (லென்ஸ் அகலமா திறந்த நிலை), 1 மீட்டர் தூரம்னா, தெளிவா விழும் ஆழம் 3 செ.மீ.கூட வராது. திறப்பைச் சின்னதாக்கி எஃப்/4 வெச்சா ஆழம் கூடும்; அப்படி வெச்சு, ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணில் வைக்கச் சொல்லுங்க.

பதில் 2: எஃப்/4னா வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காயிடும். அதுக்காக ஷட்டர் வேகத்தைக் குறைச்சா, குழந்தை அசைஞ்சு படம் மங்கிடும். அதனால ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 200ஐ 1000 ஆக்கணும். இதையும் சேர்த்தே சொல்லுங்க, இல்லேன்னா அடுத்த படம் இருட்டா வரும்.

பதில் 3: முதல்ல படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க. சாதாரணமா அனுப்பினா சுருங்கிடும், செட்டிங்ஸ் விவரமும் போயிடும். அப்புறம் எதை வெச்சுக் குறை சொல்றது?